கடைசி ஓவருக்கு ஆள் தேவை

ஏப்ரல் 19, ஞாயிறு

உரக்கடைக்காரர் புது வருடத்துக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் அம்மா இதன்மேல் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்துக்குப் பக்கம் பூச்சிமருந்து விளம்பரம். எனக்கும் அதற்கும் பொருத்தம்தான். இரண்டையும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

பிளஸ் ஒன் பரீட்சை முடிந்துவிட்டது. என் சேட்டைக்கு வகுப்பறை இல்லாததால் ஊரையே வகுப்பறையாக்கிக்கொண்டேன். நேற்று பேக்கரிப் பலகையில் 'இன்று கடன் இல்லை' என்பதில் 'இல்லை'யை மட்டும் பிளேடால் சுரண்டிவிட்டேன். மதியத்துக்குள் ஐந்து பேர் கடன் கேட்டார்களாம்.

எங்கள் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்தப் பேக்கரியின் பின்பக்கம். அங்கே இரண்டு பெஞ்சு. 'பம்ப்ஹவுஸ் பாய்ஸ்' என்கிற எங்கள் ஏரியா டென்னிஸ் பால் கிரிக்கெட் டீமுக்கு ரசிகர் மன்றம், தேர்வுக் குழு, உச்ச நீதிமன்றம் எல்லாமே அந்த இரண்டு பெஞ்சுதான். பருப்பு கடைந்துகொண்டே தீர்ப்புகளைக் கேட்கலாம்.

என் அண்ணன் லோகு அந்த டீமின் கடைசி ஓவர். கடைசி ஓவர் போடுகிறவன் என்று எழுத வேண்டும், ஆனால் இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை. "கடைசி ஓவர் எங்கடா?" என்றால் அண்ணன் எங்கே என்று அர்த்தம்.

கோடைக்கோப்பையின் முதல் லீக் மேட்ச் இன்று. ஜெயித்தோம். ஆனால் கடைசி ஓவரில் பதினான்கு தேவை என்ற இடத்தில் அண்ணன் பன்னிரண்டைக் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்தினான். சாயங்காலம் ஜன்னலுக்கு வெளியே:

"ஏனுங் பாய், பாத்தீங்களா? யார்க்கர்னு போடறான், பாதி தூரத்துல பந்து தொங்குது," இது ஆட்டோ கதிரேசண்ணன். அவர் ஆட்டோவுக்கு மீட்டர் உண்டு, வாய்க்குக் கிடையாது.

"ஜெயிச்சாச்சல்ல? அப்பறம் என்ன?" இது மொபைல் கடை ரபீக் பாய். "ஆறு வருசமா அவன்தான் நம்மளக் காப்பாத்தறான். அலமாரில கப்பு சும்மாவா நிக்குது?"

"அலமாரி பந்து போடாதுங் பாய்."

இந்த வரியை உடனே இன்ஸ்டாகிராமில் போட்டேன். 'பம்ப்ஹவுஸ் பக்தர்கள்' என்ற ரசிகர் பக்கத்தை நடத்துவது யார் என்று ஊருக்குத் தெரியாது. பெங்களூரில் இருக்கிற ஏதோ ஐடி பையன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பையனுக்கு இப்போது குக்கர் விசில் வந்துவிட்டது.

ஏப்ரல் 22

அண்ணனுக்கு மறுபடியும் வயிற்று வலி. இப்போதெல்லாம் சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புகிறான். வாயெல்லாம் இரும்புச் சாவியைச் சப்பின மாதிரி இருக்கிறதாம். அம்மா கொள்ளு ரசம் வைத்தாள். "வயித்துல சூப்பர் ஓவர் நடக்குது போல" என்றேன். தட்டு பறந்து வந்தது.

பெரிய விஷயம் இல்லை. காதில் கம்மல் இருந்த இடத்தில் பட்டது. அவன் இதுவரை என்மேல் கை ஓங்கினதில்லை. அப்பா போன பிறகு என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவன் அவன்தான். தட்டை எறிந்துவிட்டு, எறிந்தது யார் என்பது மாதிரி தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பொழுது போகவில்லை. ரசிகர் பக்கத்தில் ஒரு கருத்துக்கணிப்பு போட்டேன்.

'கடைசி ஓவருக்கு வெளியாள் தேவையா? அ) தேவை. ஆ) அவசரத் தேவை.'

ஏப்ரல் 23

நான் சும்மா போட்டதற்கு நானூறு ஓட்டு. பஞ்சாயத்துத் தேர்தலுக்குக்கூட இவ்வளவு பேர் வந்ததில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

தோற்றோம்.

கடைசி ஓவரில் அவர்களுக்கு ஒன்பது ரன் தேவை. முதல் பந்து இடுப்புக்கு மேலே ஃபுல்டாஸ். இரண்டாவது வைடு. மூன்றாவது பந்தைப் போட ஓடிவரும்போதே கையிலிருந்து நழுவி அம்பயர் காலடியில் போய் உட்கார்ந்தது. அண்ணன் வெறுங்கையைச் சுழற்றினான். கிரவுண்டே சிரித்தது. அடுத்த இரண்டு பந்தில் கதை முடிந்தது.

'பந்துக்கே போக மனசில்லை' என்று தலைப்பு வைத்து வீடியோ போட்டேன். இதுவரை வந்ததிலேயே அதிக லைக் அதற்குத்தான்.

ராத்திரி அண்ணன் சட்டையைக் கழற்ற முடியாமல் நின்றான். பட்டனை விரல் பிடிக்கவில்லை. அம்மா வந்து ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டாள். "ஒரு மாசமா இப்படித்தான்" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னான். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 27

பெஞ்சில் இன்று ஃபுல் பெஞ்ச் விசாரணை. கேப்டன் பாரதியண்ணன் வந்திருந்தார். லேத் வேலை முடித்து அப்படியே வந்ததால் பேச்சிலும் இரும்புத்தூள்.

"மேட்டூர்ப் பக்கம் பூவரசன்னு ஒரு பையன் இருக்கறான். டென்னிஸ் பால்ல அவன மாதிரி கடைசி ஓவர் போடறதுக்கு இந்தச் சுத்துவட்டாரத்துலயே ஆளில்ல."

"அப்ப லோகு?" என்றார் ரபீக் பாய்.

"லோகு லோகுதாங் பாய். ஆனா கப்பு?"

"ஒரு மேட்ச் தோத்தா ஆளையே மாத்திருவீங்களா? உங்க சம்சாரம் ஒரு நாள் கொழம்புல உப்பப் போடலைன்னா?"

"அது வேற டோர்னமெண்டுங் பாய்," என்றார் கதிரேசண்ணன். "அதுல மாத்து ஆட்டக்காரருக்கு அனுமதி கெடையாது."

சிரித்தார்கள். நானும் உள்ளே சத்தமில்லாமல் சிரித்தேன். ஆனால் சிக்கல் ஒன்று இருக்கிறது. கோடைக்கோப்பையில் ஏரியா ரூல் உண்டு. ஆடுகிறவன் இந்த ஏரியாவில் குடியிருக்க வேண்டும், இல்லையென்றால் இந்த ஏரியாவில் வேலை பார்க்க வேண்டும். அதற்கு முதலாளி கையெழுத்துப் போட்ட அடையாள அட்டை வேண்டும். அதனால் இங்கே வெளியூர் ஆட்டக்காரனைக் கொண்டுவருவதென்றால் முதலில் ஒரு வேலையைக் கொடுக்க வேண்டும். பெயருக்குக் கொடுத்தால் எதிர் டீம் வேவு பார்த்துப் புகார் செய்துவிடும். நிஜமாகவே ஷிப்டுக்குப் போக வேண்டும்.

"வேலைய நான் குடுக்கறேன்" என்று ஒரு குரல். ராஜண்ணன். எங்கள் டீமின் ஜெர்ஸி, பேட், தண்ணீர் கேன் எல்லாம் அவர் உபயம். பழைய லாரி பேட்டரிகளை வாங்கி உடைத்து, உள்ளே இருக்கிற ஈயத்தை உருக்கிக் கட்டியாக ஊற்றுகிற பட்டறை அவருடையது. அண்ணன் அங்கேதான் அடுப்பில் நிற்கிறான். ஈயப் புகைக்குத் தினமும் வேலை முடிந்ததும் ஆளுக்கு ஒரு அச்சு வெல்லமும் ஒரு வாழைப்பழமும் கொடுப்பார். வெல்லம் நெஞ்சில் இருக்கிற தூசியை இறக்கிவிடுமாம். பட்டறையில் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள், அண்ணனும்.

"பட்டறைல எடம் இருக்குதுங்களா?" என்றார் பாரதியண்ணன்.

"பண்ணிக்கலாம். லோகுக்கும் ஒடம்பு செரியில்ல. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுக்கட்டும்."

ரபீக் பாய் இன்னொரு டீ சொன்னார். 

ஏப்ரல் 29

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரி. அம்மாவுக்குச் சமையல் வேலை, பட்டறை ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கட்டித்தருவது அவள்தான். அதனால் அண்ணனுக்குத் துணை நான். டோக்கன் நம்பரைக் கூப்பிடுகிறவர் மாதிரி நானே குரலை மாற்றி "நம்பர் அறுபத்திரண்டு" என்றேன். ஒரு தாத்தா எழுந்துபோய்த் திட்டு வாங்கினார். அண்ணன் லேசாகச் சிரித்தான். அதற்காகத்தான் செய்தேன்.

டாக்டரம்மா "என்ன வேலை?" என்று கேட்டார்.

"வெல்டிங்குங்" என்றான்.

"பேட்டரி" என்றேன் நான்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உதட்டைப் பிதுக்கி ஈறைப் பார்த்தார். பல் வரிசையின் ஓரத்தில் கருநீலமாக ஒரு கோடு, பென்சிலால் போட்ட மாதிரி. தினமும் பார்க்கிற முகம், நான் கவனித்ததே இல்லை. பிறகு "ரெண்டு கையையும் முன்னால நீட்டுங்க, விரலை விரிச்சு" என்றார்.

நீட்டினான். வலது மணிக்கட்டு நிற்கவில்லை. பூ வாடின மாதிரி என்று எழுதலாம். எனக்கு ஈரத் துணியைக் கொடியில் போட்ட மாதிரிதான் இருந்தது.

"தூக்குங்க."

"தூக்கித்தான் இருக்கறனுங்" என்றான்.

ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், அந்தப் பரிசோதனை இங்கே கிடையாது, அதை வெளியே எடுக்கிற மருந்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர வேண்டும் என்றார். கை சரியாகுமா என்று கேட்டேன். மாதக்கணக்கில் ஆகும், முழுசாக வருமா என்று சொல்ல முடியாது என்றார். "முதல்ல அந்த வேலைக்குப் போகாதீங்க. போனா என்ன மருந்து குடுத்தும் வீண். அந்தத் தூசி கையோட சோத்துலயும் போகும்."

"வெல்லம் சாப்புடறனுங்" என்றான் அண்ணன்.

டாக்டரம்மா அவனையே பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பஸ்ஸில் வரும்போது கேட்டான்: "அந்தப் பக்கத்த நடத்தறது யாருனு தெரியுமா உனக்கு?"

"எவனோ வேலைவெட்டி இல்லாதவன்" என்றேன். ஜன்னல் பக்கம் வெயில் அதிகம் என்று இடம் மாறி உட்கார்ந்தேன்.

மே 1

தொழிலாளர் தினம். பட்டறைக்கு லீவு. முதலாளி ஆப்பிளோடு வீட்டுக்கு வந்தார்.

"ஏப்பா லோகு, கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கெல்லாம் எதுக்குப் போற? எனக்குத் தெரிஞ்ச பெரிய ஆஸ்பத்திரி இருக்குது. கை செரியாகற வரைக்கும் என்ர செலவு. ஆனா ஒண்ணு. பட்டறைனாலதான் வந்துதுன்னு ஒரு பேச்சு வெளிய போகக்கூடாது. பந்து போட்டுப் போட்டு நரம்பு வீக்காயிருச்சு, அவ்வளவுதான். என்னங்க்கா?"

அம்மா "செரிங்" என்றாள். வேறு என்ன சொல்வாள். அண்ணன் தரையைப் பார்த்தான்.

"அம்மிணி, உனக்கும் சேத்துத்தான்" என்றார் என்னிடம். "உன்ர வாயி ஊரறிஞ்சது."

"வாய்க்கும் ரெஸ்ட் குடுத்தர்றனுங்" என்றேன். சிரித்துவிட்டுப் போனார். ஆப்பிள் நன்றாகத்தான் இருந்தது. அண்ணனுக்கு நான்தான் நறுக்கிக் கொடுத்தேன்.

மே 2

பூவரசன் வந்துவிட்டான். ஒரு பை, ஒரு ஜோடி ஷூ. இருபத்தொரு வயது. தாடி முளைக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். பட்டறைக்குப் பின்னால் ரூம், சாப்பாடு எங்கள் வீட்டில். அடையாள அட்டை இன்றே கைக்கு வந்துவிட்டது, ஷிப்டு திங்கட்கிழமையிலிருந்து.

பேக்கரியில் வெளியூர் ஆட்டக்காரருக்குப் பப்ஸ் இலவசம் என்று சொல்லியனுப்பினேன். நம்பிப் போய்க் கேட்டிருக்கிறான். திரும்பி வந்து, "பாப்பா, ரெண்டு தின்னுட்டேன், காச உங்க கணக்குல எழுதச் சொல்லிட்டேன்" என்றான்.

இவன் தேறுவான்.

மே 3, ஞாயிறு

எட்டு ரன் தேவை. பூவரசன் மூன்றுதான் கொடுத்தான். அவன் கையிலிருந்து பந்து போவதே தெரியவில்லை, ஸ்டம்புக்கு அடியில் போய்த்தான் தெரிகிறது. கதிரேசண்ணன் ஆட்டோ ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே அழுதார். ரபீக் பாய்கூடக் கை தட்டினார், தட்டிவிட்டு அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணனும் தட்டினான். இடது கையால், தொடையில்.

மே 4

பூவரசனுக்கு முதல் ஷிப்டு. அண்ணன் நின்ற அதே அடுப்பு. அண்ணனின் கையுறையையே கொடுத்திருக்கிறார்கள். சாயங்காலம் முகமெல்லாம் சாம்பலோடு வந்து வெல்லத்தை என்னிடம் நீட்டினான். "நான் இனிப்புத் திங்க மாட்டேன், நீ வெச்சுக்க பாப்பா."

வாங்கி அடுப்படியில் வைத்தேன்.

"உங்க அண்ணன் கைக்கு என்னாச்சு?" என்று கேட்டான்.

"பந்து போட்டுப் போட்டு நரம்பு வீக்கு" என்றேன். ஒரு தடவைகூடத் திக்காமல் வந்தது.

மே 8

மத்தியானம் மின்சாரம் இல்லை. அண்ணனுக்குச் சோறு பிசைந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா கொடுத்தால் வெட்கப்படுகிறான், நான் கொடுத்தால் வாயைத் திறக்கிறான். ஏதாவது திட்டிக்கொண்டே கொடுப்பதால் இருக்கும்.

"அந்தக் கருத்துக்கணிப்புல நானும் ஓட்டுப் போட்டேன்" என்றான் திடீரென்று.

"எதுக்கு?"

"அவசரத் தேவைக்கு. என் கை எனக்குத் தெரியாதா? எவன் வந்தாவது ஜெயிக்கட்டும்னு போட்டேன்."

அடுத்த உருண்டையை உருட்டினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. வெளியே பட்டறைப் பக்கம் புகை கிளம்பிக்கொண்டிருந்தது, அதைப் பார்த்தபடியே இருந்தான்.

"கௌசி, பவுலருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். அடுப்புக்கு இல்ல."

மே 10

அரையிறுதி ஜெயித்தோம். ஸ்கோர் எழுத மனமில்லை.

மே 12

சொல்லிவிட்டேன்.

காலையில் பூவரசன் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அம்மா கடைக்குப் போயிருந்தாள். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து, பட்டறையைப் பற்றி, ஈறில் இருக்கிற கோட்டைப் பற்றி, டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

கேட்டுவிட்டுச் சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். "இதுல என்ன கலந்திருக்க, மொதல்ல அதச் சொல்லு."

"நெசமாத்தான் சொல்றேன்."

"அன்னிக்குப் பப்ஸு. முந்தாநாள் என் ஷூவுக்குள்ள புளி. நேத்து மேனேஜர் குரல்ல போன். இன்னைக்கு வெசமா?" என்று சிரித்தான். பிறகு கொஞ்சம் இறங்கின குரலில், "உங்க அண்ணன் எடம் போனது உனக்குக் கஷ்டமா இருக்கும் பாப்பா. எனக்குப் புரியுது. அதுக்காக இப்படியெல்லாம் சொல்லக்கூடாது" என்றான்.

கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டான். நான் இதுவரை செய்த சேட்டைகளிலேயே இதைத்தான் யாரும் நம்பவில்லை.

மே 13

பூவரசன் பேக்கரியில் அதைத் தமாஷாகச் சொல்லியிருக்கிறான். கதிரேசண்ணன் அதே தமாஷை ராஜண்ணனிடம் கொண்டுபோயிருக்கிறார். சாயங்காலம் அண்ணனுக்கு போன் வந்தது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதாக இருந்தது. ஃபைனல் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். "வீட்டுல இருக்கற சின்னதக் கொஞ்சம் அடக்கி வெய்யி" என்றும் சொன்னார்களாம்.

அம்மா என்னை அடிக்கவில்லை. எனக்குச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அண்ணன் மட்டும் படுக்கும்போது, "நான் சொல்லியிருக்கணும்" என்றான். என்னிடம் சொன்னானா, சுவரிடமா தெரியவில்லை.

மே 17, ஞாயிறு

கப்பு வந்துவிட்டது. கடைசிப் பந்தில் நான்கு தேவை, பூவரசன் ஸ்டம்பைப் பிடுங்கினான். வெடி, தாரை தப்பட்டை, தண்ணீர் லாரி மேல் ஏறி ஆட்டம்.

மேடையில் ராஜண்ணன் மைக்கைப் பிடித்தார். பூவரசனுக்குப் பொன்னாடை. அப்புறம் எங்கள் அண்ணனையும் கூப்பிட்டு ஒன்று போட்டார்கள். அது தோளில் நிற்காமல் வழுக்கியது. எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள் இல்லையா. அண்ணன் பிடிக்க முயன்றான், விரல்கள் துணியைத் தடவிவிட்டு விழுந்தன. பாரதியண்ணன் குனிந்து எடுத்து மறுபடி போட்டுவிட்டார். எடுக்கும்போது அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இன்னொரு சந்தோசமான செய்தி" என்றார் ராஜண்ணன். "நம்ம பூவரசனோட தம்பியும் நல்லாப் பந்து போடுவானாம். பிளஸ் டூ முடிச்சிருக்கறான். அவனுக்கும் நம்ம பட்டறைல வேலை. அடுத்த வருசம் ரெண்டு பக்கமும் நம்ம பவுலிங்குதான்."

கிரவுண்டு கை தட்டியது. அண்ணன் மேடையிலேயே நின்றுகொண்டிருந்தான்.

மே 18

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் பெஞ்சு நிறைய ஆள். நடுவில் கப்பு, அதற்குள் தேங்காய் பன். புதன்கிழமை தம்பி வருகிறான் என்று பூவரசன் சொல்லிக்கொண்டிருந்தான். தம்பியை எந்த ஓவரில் இறக்கலாம் என்று கதிரேசண்ணனும் ரபீக் பாயும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ராஜண்ணன் அப்போதுதான் காரை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். ஜன்னலில் நான்.

அண்ணன் எழுந்தான். அம்மா "லோகு" என்றாள். அவன் செருப்புகூடப் போடாமல் பின்வாசல் வழியாகப் போய்ப் பெஞ்சுக்கு முன்னால் நின்றான்.

"பூவரசா, இங்க பாரு."

இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினான். வலது மணிக்கட்டு உடனே விழுந்தது. இடதை நிறுத்திவைக்கப் பார்த்தான். அது நடுங்கி நடுங்கிக் கீழே போனது. இடதும் போய்விட்டது என்று எனக்கே அப்போதுதான் தெரியும். உதட்டைப் புறங்கையால் தள்ளி ஈறைக் காட்டினான்.

"இது பந்து போட்டு வந்ததில்ல. அடுப்புல நின்னு வந்தது."

"ஏப்பா லோகு, ஒடம்புக்கு முடியாதவன் எதுக்கு வெயில்ல" என்று ராஜண்ணன் எழுந்தார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அவர் கார்ச் சாவியைக் கையில் இப்படியும் அப்படியும் உருட்டினார். பிறகு, "பேசி முடிச்சாச்சல்ல? இனி நீயாச்சு, உன்ர ஆஸ்பத்திரியாச்சு" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

பூவரசன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "அப்ப பாப்பா சொன்னது நெசமாங்ணா?"

"அவ ஆயிரம் பொய் சொல்லுவா. அது நெசம்."

"எத்தன வருசத்துலங்ணா இப்படி ஆச்சு?"

"மூணு."

பூவரசன் தன் வலது கையை நீட்டிப் பார்த்தான். நேராக நின்றது. திருப்பிப் பார்த்தான்.  கதிரேசண்ணன்தான், வாய் தானாக ஓடுகிற மாதிரி, "அப்படின்னா அடுத்த வருசத்துக்கு இவன் தாங்குவானுங்களா?" என்றார். ரபீக் பாய் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து, குடிக்காத டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுக் கடைக்குப் போனார்.

பூவரசன் போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போடாமலே அந்தப் பக்கத்துக் குரல் எனக்குக் கேட்டது, அவ்வளவு சந்தோசக் குரல்.

"டேய், நீ வராத. இங்க வேலை இல்லைன்னுட்டாங்க... ஆமா, நேத்து சொன்னாங்க, இன்னைக்கு இல்லைங்கறாங்க... நீ காலேஜுக்கு அப்ளிகேசன் போடு. அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்... அழுவாத. வேலை இல்லைன்னா இல்லதான்."

போனைப் பைக்குள் வைத்தான். அண்ணன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "நீயும் இன்னைக்கே பஸ் ஏறிரு" என்றான்.

"நான் இருக்கறங்ணா."

"பூவரசா."

"அக்காவுக்குக் கலியாணம் பேசியிருக்குதுங்ணா. அப்பா படுத்த படுக்கை. ஊருல வேற என்ன இருக்குதுங்? உங்களுக்கு மூணு வருசம் ஆச்சு. எனக்கு ஒன்றரை வருசம் போதும். அதுக்குள்ள கௌம்பிருவேன்."

அண்ணன் என்னென்னவோ சொன்னான். உடம்பு கணக்குப் பார்க்காது என்றான். எனக்கும் ஒரு வருசம் போதும்னுதான் போனேன் என்றான். பூவரசன் எல்லாவற்றுக்கும் "செரிங்ணா" என்றான். ஷிப்டு மணி அடித்தது.

சாப்பாட்டு டப்பாவை வாங்க வழக்கம்போல எங்கள் வாசலுக்கு வந்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே கட்டினாள். ஒரு முட்டை அதிகமாக வைத்தாள். எங்களுக்கு இனி அந்த ஆஸ்பத்திரி இல்லை, நாளைக்குக் காலையில் மறுபடியும் டோக்கன் வரிசை. பட்டறைச் சாப்பாட்டையும் எத்தனை நாள் அம்மாவிடம் வாங்குவார்கள் என்று தெரியாது. அதையெல்லாம் அவன் முன்னால் யாரும் பேசவில்லை.

தினமும் அவன் போகும்போது ஏதாவது ஒன்றைச் சொல்லிச் சிரிக்கவைத்துத்தான் அனுப்புவேன். அவனும் படியில் நின்று காத்திருந்தான். 

"சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுச் சாப்பிடு" என்றேன்.

"செரி பாப்பா" என்றான்.